ராக்கம்மாளின் ஆட்காட்டி விரல்

கத்தியைத் துடைத்தாகிவிட்டது. இப்போது ராக்கம்மாள், துடைத்த துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அதில் சின்னத் தூசி இருந்தாலும் துணியை உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து துடைப்பார். "துணி சுத்தமில்லேன்னா தொடச்சு என்ன புண்ணியம்?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொள்கிறார். கொட்டாவி வருகிறது. அதைக் கத்திப் பக்கம் விடாமல் தோள் பக்கம் திருப்பி விடுகிறார். மூச்சு பட்டால் இரும்பு மங்கிவிடும்.

திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் கைவினைக் கண்காட்சி தொடங்குகிறது. மகுடேஸ்வரன் தன் கையால் அடித்துத் தீட்டிய கத்திகளை அங்கே வைக்கிறார். காய் நறுக்கும் கத்திகள் அல்ல, பார்த்து ரசிப்பதற்கானவை. இருவகை இரும்பை மடித்து மடித்து அடித்ததில் அலகெங்கும் ஆற்று மணலில் காற்று கீறியதுபோல வரிகள் ஓடும். பிடி, புளியமரத்தின் வைரம் பாய்ந்த கட்டை. நடுவில் சிப்பிப் பொத்தான் பதித்திருக்கும். பத்திரிகைக்காக நான் எழுதப் போனது இந்தக் கத்திகளைப் பற்றித்தான்.

படம் எடுப்பவர் தரணீதரன். வழக்கமாக ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் குழந்தைகள் பனியனைப் படம் எடுத்துக் கொடுக்கிற இளைஞர். பனியன் எதையும் பிரதிபலிக்காது. கத்தியோ அவருடைய சட்டைக் கட்டத்தைக்கூடக் காட்டிக்கொடுத்தது. விரல் பட்ட இடம் எல்லாம் எண்ணெய்க் கறைபோலப் படத்தில் விழுந்தது. அதனால்தான் ராக்கம்மாள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடைக்க வேண்டும். கண்காட்சி நடக்கும் நாட்களிலும் பார்வையாளர்கள் தொட்டுவிட்டுப் போவதைத் துடைக்க வேண்டும்.

அவருக்குச் சொந்த ஊர் தெற்கே கமுதிப் பக்கம். பிழைக்க வந்து தலை பாதி நரைத்துவிட்டது. முன்பு மகுடேஸ்வரன் பனியன் யூனிட் நடத்தியபோது அதில் வேலை பார்த்தவர். யூனிட்டை மூடியபிறகு வேறொரு கம்பெனியில் செக்கிங், தைத்த பனியனில் பிசிறும் பழுதும் பார்க்கிற வேலை. "மொதலாளி கூப்பிட்டாரு, லீவு போட்டுட்டு வந்தேன்" என்றார். பேச்சில் பாதி கமுதி, பாதி கொங்கு. முதலாளிமாருக்கு மட்டும் 'ங்க' போடுவார். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே என் சட்டைக் கைமடிப்பில் தொங்கிய நூலை வெடுக்கென்று கிள்ளி எடுத்தார். "பஸ்ல முன்னாடி நிக்கிறவுக சட்டையில நூலு தொங்குனாக்கூட கை சும்மா இருக்காது சார். ஒரு நாளு ஒருத்தரு திரும்பிப் பாத்து மொறச்சாரு" என்றார்.

அன்று மாலை தரணீதரன் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "ஏனுங்ணா, வெறுங்கத்திய வெச்சா அளவே தெரிய மாட்டேங்குதுங்க. யாராச்சும் கையில புடிச்சா நல்லாருக்கும்" என்று மகுடேஸ்வரனிடம் கேட்டார். பிறகு அவரே ராக்கம்மாள் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களே புடிங்க" என்றார்.

ராக்கம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பிடித்தார். பிடியை நான்கு விரல் வளைத்திருக்க, ஆட்காட்டி விரல் அலகின் முதுகின்மேல் நீண்டு கிடந்தது. நகம் இருக்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே அந்த விரல் முடிந்துவிடும். மேல் கணு இல்லை.

"மூஞ்சி வருமா தம்பி?"

"இல்லீங்க்கா, கை மட்டும்தான்."

"அப்பச் சரி. மூஞ்சி வந்தா, கத்தியத் தூக்கிட்டாளான்னு ஊருல கேப்பாக."

திறப்பு நாளன்று மகுடேஸ்வரனின் கடைப் பின்சுவர் முழுக்க அந்தப் படம் ஃபிளெக்ஸாகத் தொங்கியது. ராக்கம்மாள் அதன் முன் போய் நின்று, பனியனைச் சரிபார்ப்பதுபோல இடது மேல்மூலையில் தொடங்கிக் கீழே இறங்கிவந்தார். நடுவில் கண் நின்றுவிட்டது. படத்தில் ஆட்காட்டி விரல் முழுசாக இருந்தது. நுனியில் நகம், நகத்தில் வெள்ளைப் பிறை.

"இது எப்ப தம்பி மொளைச்சுச்சு?"

தரணீதரன் தலையைச் சொறிந்தார். "அண்ணன்தான் போடச் சொன்னாருங்க்கா. கம்ப்யூட்டர்ல போட்டது."

மகுடேஸ்வரன் கத்திகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ராக்கம்மாள் நேராக அவரிடம் போனார்.

"மொதலாளி, அந்த வெரல எடுத்துருங்க."

"ஏனுங்க ராக்கம்மா, நல்லாத்தானுங்களே இருக்குது? பாக்கறவிங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு பாத்தனுங்க."

"எனக்குச் சங்கடமா இல்லீங்களே."

"ஆளுக வந்துட்டாங்க. அப்பறமாப் பேசிக்கலாமுங்க." மறுப்பதையும் உபசரிப்பதுபோலச் சொல்லக்கூடியவர் அவர்.

மத்தியானம், கை கழுவும் தொட்டி அருகே நின்றபடியே டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிடும்போது ராக்கம்மாள் என்னிடம் சொன்னார்:

"இந்த வெரலு இவரு கம்பெனிலதேன் போச்சு சார். கட்டிங் மிஷினு. அடுக்குன துணிய நாந்தேன் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்த நேரம், கண்ணு சொக்கிருச்சு. மாஸ்டரு மிஷினத் தள்ளிக்கிட்டே வந்துட்டாரு."

"மகுடேஸ்வரன் அப்போது இருந்தாரா?"

"அவருதேன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. கார்ல பக்கத்துல உக்காந்து, துண்ட வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. அழுதாரு. நான் அழுகல." ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டுத்தான் மேலே பேசினார். "அவரக் கொறை சொல்ல மனசு வரல சார். ஆனா இப்ப படத்துல அந்த வெரல ஒட்டவச்சதும், அன்னைக்கு நடந்ததே இல்லேன்னு ஆக்குன மாதிரி இருக்கு. அவரு அழிச்சுட்டுப் போயிட்டாரு. நான் ஒருத்தியா அதச் சொமந்துக்கிட்டு அலையணுமா?"

"கோபமா இருக்கா?"

"கோவத்துக்கு எங்க சார் தெம்பு? அலுப்பா இருக்கு."

டிபன் பாக்ஸைக் கழுவி மூடிவிட்டுத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் நல்ல கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கத்திகளைப் பார்த்ததைவிட ஃபிளெக்ஸைத்தான் அதிகம் பார்த்தார். செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்று, இரும்பை மடிக்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்த மகுடேஸ்வரனை விட்டுவிட்டு, துடைத்துக்கொண்டிருந்த ராக்கம்மாளிடம் திரும்பினார்.

"ஏனுங்க, இது உங்க கைங்களா? அதே பச்சை வளையலா இருக்குதுங்களே!"

ராக்கம்மாள் ஒரு கணம் துடைப்பதை நிறுத்தினார். வலக்கையை அந்த அம்மாளின் முன்னே விரித்துக் காட்டினார்.

"இல்லம்மா. அது வேற யாரோ. எனக்கு வெரலு கொறச்சல்."

குரலில் குத்தல் ஏதும் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்த அம்மாள் "அய்யோ" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். மகுடேஸ்வரன் கையிலிருந்த கத்தியை மேசைமேல் வைத்தார். அவர் உள்ளங்கைத் தடம் முழுவதும் அலகில் பதிந்திருந்தது. ராக்கம்மாள் அதை எடுத்துத் துடைத்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் மகுடேஸ்வரன் மண்டபத்து ஏணியைத் தானே தூக்கிவந்து போட்டு ஏறினார். ஃபிளெக்ஸின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ராக்கம்மாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ராக்கம்மா," என்றார் மேலேயிருந்து. "என்னால அந்த வெரலப் பாக்க முடியலீங்க. அதுக்குத்தான் அப்பிடிப் பண்ணச் சொன்னனுங்க."

"நான் தெனமும் பாக்கேனுங்க மொதலாளி. சோறு தின்னும்போதும் பாக்கேன்."

கடைசி முடிச்சு கைக்கு அடங்காமல் வெகுநேரம் எடுத்தது.

மூன்றாம் நாள் காலையில் அதே சுவரில் தரணீதரன் வேறொரு படத்தை ஒட்டியிருந்தார். முன்னதைவிடச் சின்னது. அவ்வளவு பெரிய சுவரில் கொஞ்சம் தொலைந்துபோனதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் கேமரா எடுத்தபடியே இருந்தது. அலகின் முதுகில் அந்தக் குட்டை விரல் மொட்டையாக முடிந்திருந்தது.

ராக்கம்மாள் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இப்பச் சரிங்களா?" என்று மகுடேஸ்வரன் கேட்டார்.

"ம்."

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கடைக்கு முன்னால் பார்வையாளர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ராக்கம்மாள் இழுத்துவந்து படத்துக்குக் கீழே போட்டார். முதலாளி நின்றுகொண்டிருக்க, அதில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டிக்கொண்டார்.