ஐந்தாவது டிக்கெட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். கிணத்துக்கடவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்தால் நேராக பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பேக்கரிதான். அங்கே நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே பைத்தியம், கபடி. எந்த டீம் ஃபைனலுக்கு வரும், எந்த ரைடருக்கு முழங்கால் சரியில்லை என்று ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். பேக்கரிக்காரர் பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் எங்களைக் கிளப்பிப் பார்ப்பார். நடக்காது.

எங்களில் ஒருவர் தேங்காய் காயவைக்கும் களத்தில் சூப்பர்வைசர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியர். நாங்கள் நாலு பேரும் தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்த பிறகு அவர் நிதானமாக ஒரே ஒரு வாக்கியம் சொல்லி, 'பாருங்க' என்று முடிப்பார், மறுநாள் மேட்சில் அது அப்படியே நடக்கும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். தலைக்கனம் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்த வருடம் பொள்ளாச்சியில் மாநில அளவிலான போட்டி. ஃபைனலுக்கு டிக்கெட் ஒரே ஒரு நாள் காலையில்தான் கொடுத்தார்கள். ஜோசியர் விடியற்காலையிலேயே போய் மழையில் வரிசையில் நின்று ஐந்து டிக்கெட் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். என் கடை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்தேன். அதற்கு எட்டாம் நாள் தேங்காய்க் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது. மனைவி, பிளஸ் டூ படிக்கும் ஒரு மகள்.

மழையால் ஃபைனலை மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். பழைய டிக்கெட்டே செல்லும் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் அந்த ஐந்தாவது டிக்கெட் எங்கள் கண்ணை உறுத்தியது. இரண்டு நாள் பேக்கரியில் இதே பேச்சு. ஒருவர் அந்த இடத்தைக் காலியாகவே விடலாம் என்றார். இன்னொருவர் தன் தம்பியை அழைத்து வரலாமா என்று கேட்டார். கடைசியில் டிக்கெட் என் கையில் இருந்ததால் நானே முடிவு செய்து, திருப்பூரில் இருக்கும் என் மச்சானுக்குக் கொடுத்தனுப்பினேன். ஜோசியர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாராவது கேட்டிருந்தால், துக்க வீட்டில் போய் கபடி டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதா என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. நாங்கள் அந்த வீட்டை நினைக்கவேயில்லை.

ஃபைனலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மத்தியான நேரம், கடைக்கு எதிரே ரோட்டோரத்தில் அவர் மனைவி நிற்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் துக்கத்தில் இருப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் அடுத்தவர் வாசல் ஏற மாட்டார்கள். அதனால் அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. நான்தான் எழுந்து ஓடினேன்.

தன் கணவர் வாங்கிய டிக்கெட் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். கணவர் கடைசியாக வாங்கியது, போட்டோவுக்கு முன்னால் வைக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். அதையே சொல்லவும் செய்தேன்.

"இல்லீங்ணா. நான் மேச்சு பாக்கப் போகோணுமுங்க."

 காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊர் என்ன பேசும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பேசட்டுமுங்க. பதினாறு வருசமா பைனலுக்கு அவரு நேருல போயிப் பாத்துட்டு வந்து சொல்லித்தானுங்க நான் கேட்டிருக்கறேன். இந்த ஒருக்கா வந்து சொல்ல ஆளில்லீங்களே."

அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல்தான் சொன்னார்.  கண்டிப்பாகத் தருகிறேன் அம்மணி என்று அனுப்பிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற மானக்கேட்டை அன்றுதான் அனுபவித்தேன். அவன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டான், ஆனால் பொங்கல் வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜோசியரின் அண்ணன் வேறு கூப்பிட்டு, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கிறதா என்று கேட்டார். பேக்கரியிலும் ஒருவர், நாளைக்கு நம் தலைதான் உருளும் என்றார். உருளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள்தான் அம்மாவை பஸ்ஸில் கூட்டி வந்து கேட் வரைக்கும் விட்டுப் போனாள். கேலரியில் எங்கள் வரிசையின் ஓரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்தார். நாங்கள் நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக வாயில் வருகிற வசவு ஒன்றுகூட வரவில்லை. முதல் பாதி முழுக்க அவர் கண் ஆட்டத்தைவிட்டு நகரவில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் பக்கத்து டீம் ஐந்து பாயிண்ட் பின்தங்கியது. நல்ல ரைடர் உள்ளேதான் நிற்கிறான், ஆனால் அவனை அனுப்பாமல் வேறு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை, புலம்பினேன்.

"இப்ப போக மாட்டானுங்ணா" என்று ஓரத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "ரெண்டு ரைடு சும்மா போயிட்டு வருவாங்க. மூணாவதுல பாயிண்ட் எடுத்தே ஆகோணும், அதுக்குத்தான் அவன் போவான். எதிர்டீமுல எடது கார்னருல நிக்கறவனுக்குக் கால் வலி, பாருங்க. அந்தப் பக்கந்தான் போவான்."

இரண்டு ரைடு சும்மா போனது. மூன்றாவதுக்கு அவன் போனான். இடது பக்கம். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

கூட்டம் எழுந்து கத்தியது. நாங்கள் நாலு பேர் மட்டும் எழவில்லை. ஜோசியரின் அதே நிதானம், அதே 'பாருங்க'. பதினாறு வருடம் பேக்கரியில் நாங்கள் வாயைப் பிளந்து கேட்ட ஜோசியம் யாருடையது என்று அந்த நிமிடம் விளங்கிவிட்டது. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என் பக்கத்தில் இருந்தவர்தான் தட்டுத் தடுமாறிக் கேட்டார்.

"டிவியில ரெண்டு பேருமா பாப்பமுங்க. நான் ஸ்கூல் டீமுல ஆடுனவ. எனக்குத் தோணுறதச் சொல்லுவேன், அவரு உங்ககிட்ட வந்து சொல்லுவாரு" என்றார். கொஞ்சம் விட்டு, "நீங்க என்ன சொன்னீங்கன்னும் ஊட்டுல வந்து சொல்லுவாருங்க. ஒருத்தரயும் உடாம சொல்லுவாரு" என்றார்.

அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.  இரண்டு பாயிண்டில் தோற்றோம். அந்தத் தோல்வி மட்டும் என்னைத் தொடவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எப்போதும் கேட்பதுபோல், "செயிச்சாங்களா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் 'ம்' அல்லது 'இல்ல' என்று மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்து, முதல் ரைடிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

இப்போது எங்கள் பெஞ்சில் நாலு பேர்தான். ஃபைனல் வந்தால் அந்த அம்மாளுக்கும் சேர்த்து ஐந்து டிக்கெட் வாங்குகிறோம். ஒவ்வொரு முறை அந்த வரிசையில் நிற்கும்போதும், ஒரு மனிதர் தன் மனைவியின் பேச்சுக்குக் கொடுத்த மரியாதையை அவர் செத்த பிறகுதானே கண்டுபிடித்தோம் என்ற வெட்கம் என்னோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறது.