செத்த காலேஜில் என் நாற்காலி

இந்த ஊரில் நாற்காலியில் உட்காருவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தாசில்தாராகவோ தலைமை ஆசிரியராகவோ இருப்பார். எதிரே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவன்தான் கடைசி ஆள். நிற்பவர்கள் நம்மைத் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கிறார்கள். யாராவது நம்மைத் தேடி வந்து பேசினால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். ஏழு வருடமாக வலது கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டை விட்டுப்போகிறது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய ஆலை நகரம் இது. எழுபதுகளில் நூல் ஆலை வேலைக்கு என்று வந்தேன். எண்பதுகள் பிறந்த கையோடு ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். பல மாதம் அலைந்த பிறகு நகராட்சியின் ஓவியக்கூடமும் அருங்காட்சியகமும் சேர்ந்த பெரிய கட்டடத்தில் காவலாளி வேலை கிடைத்தது. மாடியில் ஓவியங்கள். கீழே பாடம் செய்த புலி, புட்டியில் மிதக்கும் மீன்கள், கல், எலும்பு, ஒரு மம்மி. என் நாற்காலி புலிக்குப் பக்கத்தில். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அப்பாவுக்கு, மியூசியத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதிப் போட்டேன்.

அங்கேதான் வினை தொடங்கியது. பட்டணம் பார்க்கப் போய்வரும் நம் ஆட்கள் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்பார்கள். மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். யார் வைத்த பேரோ, கச்சிதமான பேர். அப்பாவும் ஊரில் எல்லோரிடமும், "பையனுக்குச் செத்த காலேஜுல வேல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் விழுப்புரம். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், பெயர் சகுந்தலா, பி.ஏ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாத விடுப்பில் கல்யாணத்துக்குப் போய் இறங்கியபோது மாமனார் வந்தவர்களிடமெல்லாம், "மாப்ள இங்லாண்டுல காலேஜுல இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவைத் தனியாகக் கொல்லைப் பக்கம் இழுத்துப்போய்க் கேட்டேன். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டையில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நல்ல காரியம் பேசிக்கினு இருக்கற எடத்துல செத்தன்னு வாயத் தொறக்கலாமாடா? அந்த ஒரு வார்த்தைய வுட்டுட்டன். மிச்சம் நெஜந்தான?"

மிச்சம் நிஜம்தான். மறுநாள் கழுத்தில் மாலை விழுந்தது. மாலையோடு நிற்கிறவன் எதைச் சொல்ல முடியும்? அப்படித்தான் அன்றைக்கு என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். பயந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை.

சகுந்தலாவுக்கு விசா வர ஒன்றே கால் வருடம் ஆனது. அதுவரை கடிதம்தான். உங்கள் காலேஜ் பெரியதா என்று கேட்டு எழுதுவாள். பெரியது, கூரை ரொம்ப உயரம் என்று எழுதுவேன். பிள்ளைகள் வருவார்களா என்பாள். வரிசையாக வருவார்கள் என்பேன். விட்ட படிப்பை அங்கே வந்து முடிக்கலாமா, உங்கள் காலேஜிலேயே இடம் கிடைக்குமா என்று ஒரு தடவை கேட்டிருந்தாள். அதற்கு மட்டும், நீ முதலில் வந்து சேர் என்று எழுதினேன். ஒரு வரியும் பொய் இல்லை. அந்தக் கடிதங்களை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வந்து இறங்கிய இரண்டாவது வாரம். டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவனைத் தினமும் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். சீருடைக் கோட்டும் தொப்பியும் வேலையிடத்து அலமாரியில் இருந்தன என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் உட்காரவைத்துச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. கட்டடமே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வா" என்றேன்.

வந்தாள். கல்யாணப் பட்டுப்புடவை, மேலே என் பழைய ஆலைக் கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் என்ன இருந்தது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து மார்க் ஷீட்டும் டி.சி.யும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த ஃபைல். வாசலில் நின்ற டெரிக்கிடம் என் பேரைச் சொல்லியிருக்கிறாள். டெரிக் என்னோடு வேலை பார்க்கும் கிழவர். பொழுது போகாமல் அங்கிருக்கும் அட்டைகளை எல்லாம் நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததால் கேலியாக என்னைப் புரொபசர் என்பார். "ஓ, நம்ம புரொபசரா!" என்று கூடம் அதிரச் சொல்லி அவளை அழைத்துவந்தார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஓடி ஒளிய இடம் இருந்திருந்தால் ஒளிந்திருப்பேன்.

தொப்பியோடு எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"உங்க கிளாசு எங்கங்க?"

"இதான்."

சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். புலி, புட்டி, எலும்பு. ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பட்டணத்துக்கு எக்ஸ்கர்ஷன் கூட்டிப்போய் உயிர் காலேஜ், செத்த காலேஜ் இரண்டையும் காட்டினார்கள் என்று அவளே எழுதியிருந்தாள்.

"இது செத்த காலேஜுங்க" என்றாள். குரல் உயரவில்லை.

"ஆமா."

"எங்கப்பாகிட்ட வெறும் காலேஜுன்னுதான சொன்னாங்க?"

"முன்னாடி ஒரு வார்த்தை விட்டுப்போச்சு."

"தானா வுட்டுப்போச்சா, நீங்களா வுட்டீங்களா?"

அப்பாதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்றே கால் வருடக் கடிதங்களை அப்பாவா எழுதினார்? "நான்தான் விட்டேன்" என்றேன்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்த டெரிக், புலியைக் கண்டு மிரண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து, இந்த ஊர்க் கிழவர்கள் எல்லாப் பெண்களையும் கூப்பிடுகிற மாதிரியே ஆறுதலாக, "இட்ஸ் டெட், லவ். டெட்" என்றார். அவளுக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது.

"வந்த நிமிசத்துல வெள்ளக்காரரே சொல்லிட்டாரு" என்றாள். "நீங்க சொல்லல."

கற்கள் இருந்த பக்கம் நடந்தாள். அங்கே கயிறு கட்டி ஒரு கல்மரத் துண்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் காட்டு மரமோ, எந்தக் காலத்தில் கல்லானதோ. கயிற்றுக்கு மேலே கையை நீட்டி உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். "தொடாதே" என்றேன். வேலைப் பழக்கம், தானாக வாயில் வந்துவிட்டது.

"எங்க ஊருப் பக்கம் திருவக்கரைல இந்த மாதிரிக் கல்மரத்துமேலதான் உக்காந்துகினு புளிசோறு தின்னோம். அங்க ஒருத்தரும் தொடாதன்னு சொல்லல" என்றாள். கையை எடுக்கவில்லை. நான் திரும்பி நின்று மீன் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் நான் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் ஃபைலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இங்கேயும் மாலை வகுப்புகள் இருக்கின்றன, விசாரிக்கிறேன் என்றேன். "அப்பறம் பாத்துக்கலாங்க" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. வாடகை, பனி, குழந்தை, பிஸ்கட் ஃபாக்டரியில் அவளுக்கு ஒரு வேலை என்று வருடங்கள் போய்விட்டன. வேலை முடிந்து வந்தால் இரண்டு பேருக்கும் பேசத் தெம்பு இருப்பதில்லை. என்மேல் கோபமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

செத்த காலேஜைப் பார்த்த அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அப்பாவுக்கு நீல ஏர்மெயில் தாளில் கடிதம் எழுதினாள். ஒட்டும் முன்பு என்னிடம் நீட்டினாள். 'இவர் வேலை செய்யும்' என்று எழுதி, ஒரு விரற்கடை இடம் விட்டு, 'காலேஜ் பார்த்தேன், ரொம்பப் பெரிசு' என்று இருந்தது.

"செத்தன்னு எழுதினா அப்பா பதறிடுவாரு. எழுதலன்னா நானும் உங்கள மாதிரி ஆயிடுவேன். அதான் எடம் வுட்டுட்டேன்."

அன்றிலிருந்து எல்லாக் கடிதத்திலும் அந்த இடம் உண்டு. மாமனாரும் கவனித்திருக்கிறார். போன வருடம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் புதுப் பேனா ஒன்று கொடுத்தனுப்பினார். அந்த எடத்துல மட்டும் மை நின்னு போவுதும்மா, பழைய பேனாவைத் தூக்கிப் போடு என்று சொல்லச் சொன்னாராம். சகுந்தலா இப்போது அந்தப் பேனாவில்தான் எழுதுகிறாள். நல்ல பேனா, ஓரிடத்திலும் நிற்காமல் எழுதுகிறது. அந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊரில் எங்களை இங்கிலாந்துக்காரர்கள் என்கிறார்கள். இங்கே டெரிக்குக்கு நாங்கள் இந்தியாக்காரர்கள். நீங்கள் எங்கேதான் இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், வழக்கம்போல வலது கையை நீட்டி அந்த ஒரு விரற்கடை வெற்றிடத்தைக் காட்டுவேன்.