தங்கையாவின் நோ

சிவமணி கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டின் பின்னறையில் குடியிருந்தாள். வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் பஸ் ஏறுவாள், பின்னேரம் வருவாள், கதவைச் சாத்துவாள். ரேடியோச் சத்தம்கூட அந்த அறையிலிருந்து கேட்காது. அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. யாராவது "வீட்டாக்கள் எப்பிடி?" என்று கேட்டால், "பிரச்சினை ஒண்டுமில்லை" என்பாள். கேட்டவர்களும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். பிரச்சினை இல்லாத முகமா அது? சனத்துக்குக் கண் எங்கே போனதோ.

அவளுக்குக் கண் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை அவளுடைய வாட்டுக்குத் தங்கையா என்பவரைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். மகன் கனடாவில். விசாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தனியாகக் காத்துக்கொண்டிருந்தார். சத்தி எடுக்கிறார், வாந்தி நிற்கவில்லை என்று லொட்ஜ்காரர் ஆட்டோவில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்று சிவமணிக்கு லீவு.

டொக்டர் சிங்களவர், தங்கமான மனிதர். தமிழ்தான் தெரியாது. வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "பெயின்?" என்று கேட்டார். தங்கையாவுக்குத் தெரிந்த நாலு இங்கிலீஸ் சொற்களில் அதுவும் ஒன்று. "நோ, நோ" என்றார். வயிறும் அப்போது இளக்கமாகவே இருந்தது. லொட்ஜ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு டொக்டர் போனார். இரவு வேலைக்கு வந்த நர்ஸ் றோஸிக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்பப் போய் "பெயின்?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் "நோ" என்றுதான் பதில் வந்தது. வலி இல்லை என்று அவள் எழுதிவைத்தாள். கரைச்சல் தராத நல்ல நோயாளி என்று பெயரும் வைத்தாள்.

ஞாயிறு காலை வேலைக்கு வந்த சிவமணி, எழுதியிருந்ததை வாசித்தாள். பிறகு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துவரவில்லை. வலி இல்லாத மனிதர் இந்நேரம் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடவேண்டும், இல்லாவிட்டால் தேத்தண்ணிக்குச் சண்டை பிடிக்கவேண்டும். இவரோ வலது முழங்காலை மடித்துவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். மூச்சைக்கூட ஆழமில்லாமல் மேலாலேதான் விட்டார். நாடி முதல்நாளைவிட வேகம், உடம்பில் கொஞ்சம் காய்ச்சல். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. விரிப்பைச் சரிசெய்யும்போது அவளுடைய இடுப்பு கட்டிலில் இடித்தது. கட்டில் இலேசாக ஆடியதற்கே அவருடைய முகம் கோணிப்போயிற்று.

ஆட்டிப் பார்க்க அவளுக்கு இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

"ஐயா, வயித்துக்கை என்ன செய்யுது?"

தமிழைக் கேட்டதும் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "நேற்றுத் தொடக்கம் நோ நோ எண்டு கத்திறன் பிள்ளை. எல்லாரும் வருகினம், கேக்கினம், தலையாட்டிப்போட்டுப் போகினம். இப்ப வயிறு முழுக்க நோ."

யாழ்ப்பாணத்தில் வலிக்கு நோ என்றுதான் பெயர். தலையாட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாவி மனிதர் ஒரு வாட்டு நிறைய ஆட்களுக்கு நடுவில், வலிக்கிறது என்று உண்மையைச் சொல்லியே தனித்துப்போனார்.

"ஒரு வாய் தேத்தண்ணி தா பிள்ளை" என்று கேட்டார்.

"இப்ப ஒண்டும் குடிக்கக்கூடாது ஐயா. முதல்லை டொக்டர் வந்து பாக்கட்டும்."

பாவம் பார்த்துக் குடுத்திருக்கலாம். உடனே வெட்டவேண்டி வந்தால் வெறும் வயிறு வேண்டும் என்று அவள் யோசித்தாள். வலி மாத்திரையும் குடுக்கவில்லை. டொக்டர் தொட்டுப் பார்க்குமுன் வலி மறைந்துவிட்டால் மறுபடியும் எல்லோரும் ஏமாறுவார்கள். நேரே போனை எடுத்தாள்.

பேச்சு இங்கிலீசில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த டொக்டருக்குச் சலிப்பு. "வலி இல்லை என்று அவரே சொன்னாரே!" அந்தக் காலத்தில் ஒரு தமிழ் நர்ஸ் டொக்டருக்கு எதிர்க்கதை சொல்வது லேசான காரியமில்லை. ஆனாலும் சிவமணி போனை வைக்கவில்லை. இது குடல்வால் அது இது என்று நோய்க்குப் பெயர் வைக்காமல், தான் கண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மடித்த முழங்கால், நாடி, காய்ச்சல், கட்டில் ஆடியபோது கோணிய முகம்.

"மற்றது டொக்டர், அவர் சொன்னது உங்கள் நோ இல்லை. எங்கள் நோ. தமிழில் அதற்கு வலி என்று அர்த்தம்."

"வருகிறேன்" என்றார் டொக்டர்.

டொக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். குடல்வால் வெடித்திருந்தது, உடனே வெட்டவேண்டும். ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் தங்கையா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியிலை நிப்பியே பிள்ளை?"

"நிப்பன் ஐயா."

வேலை முடிந்தும் நின்றாள். பார்வையாளர் நேரம். உட்காரும் வாங்கு முழுக்கச் சாப்பாட்டுக் கேரியர்களும் பிள்ளைகளும். பக்கத்திலிருந்த பெண், "உங்கட ஆர் உள்ளுக்கை?" என்று கேட்டாள். "ஒருத்தருமில்லை" என்று சொன்னபோது தனக்கே அழுகை வந்தது என்று சிவமணி பிறகு என்னிடம் சொன்னாள். கொட்டாஞ்சேனை அறையில் அவளுக்காகக் காத்திருக்கவும் ஒருத்தரும் இல்லை. அதனால் நிற்பது கஷ்டமாக இருக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கையா பிழைத்தார். விசாவும் வந்தது. கனடா போகிற அன்று வாட்டுக்கு வந்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றார். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்தாயிற்று. போகிறவர்களுக்கெல்லாம் போக ஓர் இடம் இருக்கிறது என்று அன்று சிவமணிக்குப் பொறாமையாக இருந்ததாம். உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

டொக்டர் மட்டும் அந்தச் சொல்லை விடவில்லை. தமிழ் நோயாளி யாரைப் பார்த்தாலும் வயிற்றைத் தொட்டு "நோ?" என்று கேட்கப் பழகினார். வாட்டே சிரிக்கும்.

சில மாதங்களுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்த ஒருவர் மூலம் சிவமணிக்குத் தகவல் கிடைத்தது. அம்மா இடம்பெயர்ந்த இடத்திலேயே செத்துப்போய் ஒரு வருடமாகிவிட்டது. தம்பி எங்கே என்று தெரியவில்லை. சிவமணி அடுத்த நாளும் பஸ் ஏறி வேலைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, மருந்துத் தட்டோடு டொக்டருக்குப் பின்னால் கட்டில் கட்டிலாக நடந்தாள். றோஸி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். கேட்டவளும் போய்விட்டாள்.

கடைசிக் கட்டிலடியில் டொக்டர் அவளைப் பார்த்தார். "ஏதாவது பிரச்சினையா, மிஸ்?"

"நோ, டொக்டர்."

சரியென்று தலையாட்டிவிட்டு இரண்டடி போனவர், நின்றார். திரும்பி வந்தார். அவளுடைய கையிலிருந்த தட்டைத் தானே வாங்கிக் கட்டிலில் வைத்தார்.

"எந்த நோ?"

இத்தனை காலமும் யாரும் அவளிடம் இரண்டாம் தரம் கேட்டதில்லை. சிவமணி வாயைத் திறந்தாள். இங்கிலீஸ் வரவில்லை.

"எங்கட நோ" என்றாள்.