ஆளில்லாத மைதானத்துக்கு ஆரவாரம்

ஒலி கலக்கிறவனை யாரும் பாராட்டுவதில்லை. சத்தம் நின்றுபோனால்தான் அவன் பெயர் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். திரைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்கும். மேற்கு லண்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில், இத்தாலி உதைபந்தாட்ட லீக் ஆட்டங்களின் வர்ணனையையும் மைதானச் சத்தத்தையும் கலந்து டிவிக்கு அனுப்புவது என் வேலை. கொரோனா வந்த ஆட்டப் பருவத்தில் நடந்தவை இவை.

பந்தின் சத்தம்

மார்ச் தொடக்கத்தில் பார்வையாளர்களை உள்ளே விடாமல் ஆட்டம் நடத்தினார்கள். பூட்ஸ் பந்தில் படுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் தனியாகக் கேட்டேன். ஒருவன் கோல் அடித்துவிட்டு, பழக்கத்தில் கூட்டம் இருக்கும் பக்கமாக ஓடினான். பாதி வழியில் நின்றுவிட்டான். கைகளை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கோல்களைத் திரும்பக் காட்டுவதற்கு வெட்டியெடுக்கும் ஜெராட் அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்தார். மன்னார்க்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். ஹெட்போனைக் கழற்றினார். "பூசை நடக்குது, கோயிலுக்குள்ள ஒரு சனமில்லை. அப்பிடி இருக்குது, தம்பி."

ஒரு தொலைபேசி அழைப்பு

அடுத்த நாட்களில் லீக்கையே நிறுத்திவிட்டார்கள். நான் மனோர் பார்க் வீட்டில் சும்மா இருந்தேன். ஏப்ரலில் மார்த்தா அழைத்தாள். எங்களுக்கு ஆட்டக் குறிப்புகள் எழுதித் தருகிறவள், இத்தாலியில் பெர்காமோ நகரில் பிறந்தவள். அங்கே அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். விமானம் இல்லை, அவளால் போக முடியவில்லை.

அவள் சொன்னாள்: "ஒரு நர்ஸ் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேசினேன். கேட்டாரா என்று தெரியாது."

கம்பத்தில் பட்ட கோல்

ஜூனில் ஆட்டங்கள் திரும்பத் தொடங்கின. மைதானம் அப்போதும் வெறுமைதான். பழைய ஆட்டங்களில் பதிவான கூட்டத்தின் சத்தத்தை எடுத்து நேரத்துக்கு நேரம் நான் போட வேண்டும். ஸ்டூடியோவில் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். பிழைவிட்டால் அடுத்தது நான் என்ற பயம் விரலில் இருந்தது.

முதல் நாளே, பந்து உள்ளே போகிறது என்று நினைத்து முழு ஆரவாரத்தையும் ஏற்றிவிட்டேன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஆயிரக்கணக்கானோர் இல்லாத கோலுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து மனைவி செய்தி அனுப்பினாள்: "பந்து வெளியில போகுது, உங்கட சனம் கூத்தடிக்குது. நாளைக்கு வேலை இருக்குமோ?"

பெர்காமோ

வேலை இருந்தது. சில நாட்களில் பெர்காமோ மைதானத்து ஆட்டம் வந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில் அங்கேயே பதிவான சத்தத்தைத் தேடி எடுத்தேன். மார்த்தா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வேறு ஊர்ச் சத்தம் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

முதல் கோலுக்கு நான் மெதுவாகத்தான் ஏற்றினேன். அவள் எழுதுவதை நிறுத்தி, கண்ணாடியில் தட்டினாள். "சொந்த மைதானத்து ஆட்டம் ஒன்றைக்கூட அப்பா விட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளே அவரும் இருக்கிறார். கொஞ்சம் கூட்டிவிடு."

அந்தப் பருவம் முழுவதையும் காதில் மாட்டிக்கொண்டிருந்தவன் நான், ஆனால் அந்த வருஷம் சம்பியன் யார் என்று கேட்டால் போனைப் பார்த்துத்தான் சொல்லுவேன்.