அனுபவத்தில் இருப்பவர்: எவருமில்லை

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, மதுரையில் ஒரு கல்லூரியில் ரியல் எஸ்டேட் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். முப்பது ஆண்டுகள் அடமானப் பத்திரங்களோடு புழங்கியவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். உடன் படித்தவர்கள் என் மகளைவிட இளையவர்கள். அவர்கள் நடுவே முதல் மதிப்பெண் வாங்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. நடந்தவற்றுக்கு அந்த ஆசைதான் காரணம். வேறு காரணம் தேட விரும்பவில்லை.

ஆய்வேட்டுக்காக ஒரு சொத்தை எடுத்து அதன் மதிப்பைக் கணிக்க வேண்டும். வடகவுஞ்சி என்ற மலைக்கிராமத்துக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு அகப்பட்டது. உரிமையாளர் சென்னைவாசி, வங்கிக் காலத்துப் பழக்கம். “தாத்தா வாங்கின வீடு சார். பல வருஷமா பூட்டித்தான் இருக்கு” என்று சொல்லிப் பத்திர நகல்களைத் தந்தார்.

பேருந்தில் போய் மலைப்பாதைப் பிரிவில் இறங்கினேன். வீட்டை அளந்து அறிக்கை எழுத வந்திருப்பதாகச் சொல்லி டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே சொன்னார்:

“அங்க யாரும் இல்லீங்களே அய்யா. ஓடு ஒழுகிக் கெடக்கு.”

கடையோரம் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த பெண்களும் கையை நிறுத்தினார்கள். “ஆமாங்க, யாருமில்ல” என்றார்கள். நான் அவர்களைக் கேட்கவேயில்லை.

மூடுபனிக்குள் ஒரு மைல் நடந்தேன். வீட்டு வாசல் பெருக்கியிருந்தது. கூரை இடுக்கில் புகை கசிந்தது. விறகுக் கட்டோடு பின்பக்கமிருந்து வந்த ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். எழுபது வயதிருக்கும். அசையாமல் நின்றால் நான் பார்க்காமல் போய்விடுவேன் என்று நம்பியவர்போல மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

“வண்டிச் சத்தமே கேக்கலியே” என்றார், தனக்குத்தானே.

பிறகுதான் விளங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கணவரோடு வந்தவர். உரிமையாளரின் தாத்தா, “இருந்துக்க” என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறார். கணவரும் போய்விட்டார், தாத்தாவும் போய்விட்டார். காகிதம் எதுவும் இல்லை. அதனால், மேட்டில் வண்டி ஏறும் சத்தம் கேட்டால் இவர் பின்னாலிருக்கும் சோலைக்காட்டுக்குள் போய்விடுவார். கேட்பவர்களிடம் ஊர், யாருமில்லை என்று சொல்லிவிடும். வண்டி இறங்கிய பிறகு வந்து அடுப்பு மூட்டுவார். நான் நடந்து வந்ததால் அகப்பட்டுக்கொண்டார்.

“பயப்படாதீங்கம்மா. நான் படிக்கத்தான் வந்திருக்கேன்.”

“படிக்கவா? இந்த வயசுலயா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒங்க மாஸ்டரு அடிப்பாரா?”

“என் தம்பியைவிடச் சின்னவர்.”

“அப்ப நல்லா அடிக்கட்டும். குந்துங்க, பிளேன்டீ ஊத்துறேன்.”

பாலில்லாத அந்தத் தேநீரை, வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். பிறகு வீட்டை அளந்தேன். டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அவர்தான் சுவர் மூலையில் பிடித்தார். முப்பதடி தள்ளிப் போனதும் பனி அவரை மறைத்துவிட்டது. நான் இழுத்தால், அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு இழுப்பு வரும். “இருக்கேன், இருக்கேன்” என்று குரல் மட்டும் வரும்.

அறிக்கைப் படிவத்தில் ‘அனுபவத்தில் இருப்பவர்’ என்று ஒரு கட்டம் உண்டு, சொத்தில் இப்போது யார் குடியிருக்கிறார் என்று எழுத. பத்திரமில்லாமல் ஒருவர் குடியிருந்தால் மதிப்பு சரியும். அதற்குத் தனி அத்தியாயம் எழுத வேண்டும், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். ஒப்படைக்க இரண்டு வாரமே இருந்தது. ‘எவருமில்லை’ என்று எழுதினேன். ‘அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் எவரும் வசிக்கவில்லை எனத் தெரியவந்தது’ என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரு புகைப்படத்தில் சுவர் மூலையில் நான்கு விரல்கள் தெரிந்தன. அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன்.

முதல் மதிப்பெண் கிடைத்தது. கள விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் பக்கத்தைத்தான் ஆசிரியர் வகுப்பில் வாசித்தார்.

நன்றிக்காக உரிமையாளருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அதைக் காட்டித்தான் அவர் விலை பேசினார். வாங்குபவர் தரப்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “ஆள் யாரும் இல்லைல்ல சார்?” அப்போது சொல்லியிருக்கலாம். “ரிப்போர்ட்ல இருக்கறதுதான்” என்றேன்.

சில மாதங்கள் கழித்து மறுபடி மலையேறினேன். வீடு இருந்த இடத்தில் சமப்படுத்திய செம்மண்ணும் கம்பிவேலியும் இருந்தன. டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வெள்ளனே ஜேசிபி வந்து நிக்குது. ஆளு இருக்கான்னான், இல்லன்னோம். ஏதோ பாதை போட வந்திருக்கான்னு நெனச்சோம். ஓட்டப் பிரிக்கையில அடுப்புச் சாம்பல் சுட்டுச்சாமுங்க. அப்பவும் அவனுங்களுக்கு ஒறைக்கல.”

“அந்தம்மா?”

“வண்டி எறங்குனாத்தான அது வெளிய வரும்? ஆறு நாளு வண்டி எறங்கவே இல்ல. பெறகு சோலையெல்லாம் தேடிட்டோம். சேல நூலுகூடக் கெடைக்கல. சாயங்காலம் வேலையாளுக போனதும் உள்ள வெறகு ஒடிக்கிற சத்தம் கேக்குதுங்கறாங்க. போய்ப் பாத்தா நின்னுபோகுது.”

நானும் அந்தச் சாயங்காலம் வேலியோரம் நின்றேன். சத்தம் கேட்டது. ஒரு சுள்ளி, சற்று நேரம் விட்டு இன்னொன்று. “அம்மா” என்றேன். நின்றுவிட்டது. காற்று இல்லை, இலைகூட அசையவில்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு, நான் போவதற்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

கடைக்குத் திரும்பினேன்.

“நாங்கதாங்க வாயால கெடுத்துப்புட்டோம்” என்றார் கடைக்காரர். “இப்பல்லாம் எவன் வந்து எந்த வீட்டக் கேட்டாலும் ஆளு இருக்குன்னே சொல்லிப்புடுறது.”

“போன வாரம் இடிஞ்ச பம்புசெட்டுக்கே ஆளு இருக்குன்னுட்டாரு” என்றாள் பூண்டு ஆயும் பெண். யாரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் என் பக்கம் குனிந்தார். “ஏங்கய்யா, அன்னிக்கு மேல போனீங்களே, அது ஒங்க கண்ணுல படலியா?”

“இல்லை” என்றேன். “ஒரே பனி.”

அவர் தலையை ஆட்டினார். “அதான பாத்தேன். பட்டிருந்தா நீங்களாச்சும் ஒரு வார்த்த எழுதியிருப்பீங்க.”

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பேருந்து வந்தது. என் பையை அவரே தூக்கி உள்ளே வைத்தார்.