சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியின் உறக்கம்

எங்கள் தெருவில் எவனாவது குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தால் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிக்குத்தான் ஆள் போகும். கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர். அறுபதைத் தொட்டவர். அதட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். அடித்தவனை எதிரே உட்கார வைத்து, "ஏலே, அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே" என்று ஆரம்பித்தால் அவன் அழுதுகொண்டுதான் எழுந்திருப்பான். அதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று நான் பூசி மெழுக மாட்டேன்.

போன வருடம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் இசக்கிராஜா வீட்டுச் சண்டைக்குப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"முதல்ல உங்க வீட்டைப் பாருங்க அண்ணாச்சி. மதினி கன்னம் எப்படி வீங்குச்சு?"

"கதவு நிலையில இடிச்சுக்கிட்டாளே."

"அது என்ன, மதினி வரும்போது மட்டும் அடிக்கடி குறுக்கே வருத நிலை?"

கூடியிருந்த பெண்களில் ஒருத்திகூட அவனை அடக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தெருவே பேசிக்கொண்டிருந்தது தன் காதுக்கு மட்டும் வரவில்லை என்பது அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி மீனாட்சியம்மாளிடம் கேட்டார். "நிலைதான்" என்றாள். சொல்லிக்கொண்டே முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடினாள். அந்த இடம் கன்றிப் போயிருந்தது. கழுகுமலைப் பக்கம் அவருக்கு மக்காச்சோளக் காடு இருக்கிறது. அதில் காட்டுப்பன்றி இறங்கி அழிப்பது தீராத தலைவலி. கொஞ்ச காலமாகக் கனவிலும் பன்றிதான் வந்தது. கம்பால் அடிப்பார், காலால் உதைப்பார். ஒருநாள் விடிந்தபோது விரல் முட்டி சிராய்த்திருந்ததையும், கட்டில் சட்டம் பட்டிருக்கும் என்று தான் விட்டுவிட்டதையும் இப்போது நினைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் கடையில் ஆளில்லை என்று சொல்லிவிடுவார். தெருவில் பெண்கள் நின்றால் சுற்றுவழியில் போனார். மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் சுதாராணியிடம் ஒருநாள் போனில் சொன்னார். பெற்ற மகளிடம், உன் அம்மாவை நான் அடிக்கிறேன் போலிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கூசிக் குறுகிப் போனார் மனுஷர். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, உங்களுக்கு வாசனை தெரியுதா?" என்றாள். கடையில் பூச்சிமருந்து பாட்டில் உடைந்து தெருவே மூக்கைப் பொத்தியபோது, இவர் மட்டும் உள்ளே சாவகாசமாக இட்லி தின்றுகொண்டிருந்த கதை அவளுக்கும் தெரியும். மூளை நோய்களைப் பற்றி ஆராய்ச்சி நடக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போனாள்.

டாக்டர் மீனாட்சியம்மாளைத்தான் முதலில் கேட்டார். "கூடப் படுக்கிறவங்க சொன்னாத்தான் தெரியும்மா. உறக்கத்துல கத்துவாரா? கை கால் வீசுவாரா?"

"அதெல்லாம் இல்லைங்க. அவிய பச்சப்பிள்ளை கணக்கா உறங்குவாவ."

அண்ணாச்சி பேசாமல் இருந்திருந்தால் டாக்டர் முன்னால் மானம் தப்பியிருக்கும். வியாதியும் தெரியாமலே போயிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய் சொல்லுதா டாக்டர். நான்தான் அடிக்கேன். அடிக்கது எனக்குத் தெரியல."

டாக்டர் நிதானமாக விளக்கினார். கனவு காணும்போது உடம்பை அசைய விடாமல் வைத்திருக்கும் பூட்டு ஒன்று மூளையில் இருக்கிறது. அது பழுதானால் கனவில் செய்வதைக் கை கால்களும் செய்துவிடும். இப்படி இருப்பவர்களில் பலருக்குப் பல வருடம் கழித்துப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதமோ, அதன் இனத்தைச் சேர்ந்த வேறு நோயோ வருகிறது. வாசனை தெரியாமல் போவதும் அதற்கு ஒரு முன்னறிகுறி. கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே, தோலில் ஒரு துணுக்கை எடுத்து, அதில் கெட்டுப்போன புரதம் சேர்கிறதா என்று இப்போது ஆராய்கிறார்கள். நோயை வராமல் தடுக்க இன்னும் மருந்தில்லை. ஆனால் உறக்கத்தில் கை வீசுவதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. தனித்தனியாகப் படுப்பதும் நல்லது.

மீனாட்சியம்மாள் இதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, அவிய முழிச்சிருந்து அடிக்கலையா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இருட்டுல ஏசிக்கிட்டே அடிச்சதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் டாக்டர். விடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சிக்கிட்டுக் காப்பி கேப்பாவளே, அதைத்தான் தாங்க முடியல."

அண்ணாச்சி அந்த ஆராய்ச்சிக்குத் தோல் கொடுத்தார், கையெழுத்தும் போட்டார். இப்போது தனிக் கட்டிலில் படுக்கிறார். விஷயம் தெரிந்ததும் தெருவில் இரண்டு மூன்று பேர் வந்து, வியாதிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி, பழையபடி பஞ்சாயத்துக்கு வாங்க என்று கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று நான்தான் கடையில் உட்கார்ந்து கேட்டேன்.

"வியாதிக்கு வெட்கப்படல தம்பி. நான் அப்படி அடிக்கக்கூடிய ஆளுதான்னு அவ நம்பியிருக்கா. நம்பிக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்கா."