செரிக்காத கிருமியும் டாக்டர் நெய்னாவும்

டாக்டர் நெய்னா முகமது இறந்த செய்தி, மதுரை பஸ்ஸில் வந்து இறங்கிய அவருடைய மச்சான் வாயால் எங்கள் காசநோய் மருந்தகத்துக்கு வந்தது. உள்ளே வரக்கூட இல்லை, வாசலில் நின்றே, "மௌத்தாயிட்டாரு சிஸ்டர். கீழக்கரைக்குக் கொண்டுபோறோம்" என்றார். மாத்திரைக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எதனால் என்று ஒருவர் விசாரிக்க, அந்த மனிதரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நம் டாக்டரைக் கொண்டுபோனது காசம்தான்.

வரிசை கலைந்துவிட்டது. சிலர் மாத்திரை வாங்காமலே போனார்கள். "வைத்தியம் பாத்தவரையே அது விடல, நமக்கு மட்டும் என்ன கேக்கப் போகுது?" என்று ஒரு அம்மாள் என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் இன்னும் பலரைக் காணோம். ஆற அமர உட்கார்ந்து அழக்கூட எனக்கு நேரமில்லை. அதனால்தான் இராமநாதபுரம் ஜில்லாவில் அவரை அறிந்த உங்களுக்கு அவசர அவசரமாக இதை எழுதுகிறேன்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்காகப் போட்ட நாற்காலியில் என் பைதான் உட்கார்ந்திருந்தது. பேசும்போதும் நடப்பார், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டும் நடப்பார். "டாக்டர், எனக்குத் தலை சுத்துது" என்றால், "கண்ண மூடிக்கிங்க சிஸ்டர், காதுதான் வேணும்" என்பார். நோயாளி யாராவது "இப்ப நல்லா இருக்கேன்" என்று சொன்னால் போதும், நம்பமாட்டார், நடை இன்னும் வேகமாகிவிடும்.

சங்கு குளிக்கிற முனியசாமியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ப் பிழைக்கிறவருக்கு நுரையீரலில் நோய். ஊசியிலும் மாத்திரையிலும் இருமல் நின்றது, சதை பிடித்தது. உடனே மனைவியின் வேண்டுதலுக்காக இராமேஸ்வரம் போய், அக்கினி தீர்த்தத்தில் முழுகி, உடுத்திய துணியை வழக்கப்படி கடலிலேயே விட்டார். அந்த வேட்டி முனையில் ஒரு மாதத்து மாத்திரையையும் முடிந்து வைத்திருந்தார். நோயோடு ஒட்டிய எதையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாதாம். பிறகு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, டாக்டருக்கென்று விபூதி வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்து நின்றார்.

டாக்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். "சாமி காரியம் நல்லபடியா முடிஞ்சதுல சந்தோசம். மாத்திரைய ஏன்யா கடலுக்குக் குடுத்த? அதுக்கா இருமல்?" என்று கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கேன், டாக்டரய்யா."

"உன் ஒடம்புல காவலுக்குன்னு சில அணுக்கள் இருக்கு. வெளியிலேர்ந்து கிருமி வந்தா அதைப் புடிச்சு முழுங்கிச் செரிச்சிரும். ஆனா இந்தக் கிருமி செரிக்காது. முழுங்குன அணுவோட வயித்துக்குள்ளயே குடும்பம் நடத்தும். நீ நல்லா இருக்கேங்கிற, அது உள்ள சத்தம் போடாமக் கெடக்கு."

"அப்ப காவக்காரனையும் சேத்துக் கொன்னுற வேண்டியதுதானா?"

"அது வேணாம். மாத்திரை காவக்காரன் வயித்துக்குள்ளயும் போகும். ஆனா தூங்குற கிருமி லேசுல சாகாது. அது என்னைக்கு முழிக்கும்னு எனக்கே தெரியாது. அதுனாலதான் தினம் முழுங்கச் சொல்றேன்."

முனியசாமி மசியவில்லை. தூங்குகிறது தூங்கட்டுமே என்றார். டாக்டரின் நடை நின்றது. சுதந்திரம் வந்த வருஷம், தான் மாணவனாக ஒரு காச ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததாகச் சொன்னார். அன்று கைக்கெட்டிய மருந்து காற்றும் ஓய்வும்தான். தேறி எழுந்து படிப்பை முடித்தார். "எனக்கு உள்ள கெடக்குறது இன்னமும் அங்கனதான்யா கெடக்கு" என்றார். எனக்கும் அன்றுதான் தெரியும். முனியசாமி மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். ஒருவர் பேச்சையும் நம்பாத அந்த மனிதர், தன் இருமலைப் புழுதி என்றார், பீடிப்புகை என்றார். படம் எடுங்கள் என்று நான் சண்டை போட்டபோது, "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று வேறு அறைக்கு நடந்துவிட்டார். அந்தக் கிருமியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு, தன்னைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ளப் பயம். மதுரைக்குக் கொண்டுபோனபோது மருந்து வேலை செய்ய நுரையீரலில் இடம் மிஞ்சவில்லை. அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இன்று காலை முனியசாமி வந்தார். கண் வீங்கியிருந்தது. எங்கே இவரும் நிறுத்திவிடப் போகிறாரோ என்று எனக்குப் பதைத்தது. மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கு அன்னைக்கு நோவு வந்தப்ப மருந்து வரல. எனக்கு வந்திருச்சு. இதையும் நான் விட்டுட்டா அவரு எதுக்கு அந்தக் கதையச் சொன்னாரு, சிஸ்டர்?" என்றார்.

டாக்டர் நெய்னாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய அவநம்பிக்கையைத்தான். நாளை காரங்காட்டுக்குப் போகிறேன், மறுநாள் பாம்பனுக்கு. வராமல் நின்றுவிட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சுகமாக இருக்கிறார் என்று சொல்லி என்னை வாசலோடு அனுப்பப் பார்க்காதீர்கள். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வையுங்கள், மாத்திரை நான் கொண்டுவருகிறேன்.